கட்டம் போட்ட கொடி

தலையில் மீன் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க ஆராய்ச்சி செய்தவள் நான் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அந்த வாடை என் தலைமுடியை விட்டுப் போக எவ்வளவு சீயக்காய் ஆனது என்று கும்பகோணத்தில் என் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டிய சமாசாரமா இது?

எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கடற்கரை முழுவதும் தஞ்சாவூர் ஜில்லாவில்தான் இருந்தது. காவேரியிலிருந்து பிரிந்து, வயலெல்லாம் பாய்ந்து, மிச்சம் மீதித் தண்ணீரோடு கடலுக்கு வந்து சேருகிற சின்ன ஆறு ஒன்றின் முகத்துவாரத்தில் சில மணல் திட்டுகள் இருந்தன. அவற்றில் பெரிய திட்டில் ஆலாக்கள் முட்டையிடும். ஆலாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, புறாவை விடச் சின்னதாக, தலையில் கருப்புத் தொப்பியோடு கடல் மேல் பறக்கும். அந்தரத்தில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் தலைகுப்புற விழுந்து மீனோடு எழும். எல்லாம் அழகுதான். ஆனால் அதற்குக் கூடு கட்டத் தெரியாது. நெஞ்சை வைத்து மணலில் ஒரு குழியை அழுத்தி, அதில் மணல் நிறத்திலேயே முட்டையைப் போட்டுவிட்டு, பார்த்து நடக்கிறவன் நடக்கட்டும், மிதிக்கிறவன் மிதிக்கட்டும் என்று விட்டுவிடும். இப்படிப் பொறுப்பில்லாத பறவையைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று என் பேராசிரியர் முடிவு செய்தார். அவர் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முடிவு செய்தார். நான் மாசி மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

கரையில் மீனவர் குப்பத்தில் ஒரு படகுக்காரர் வீட்டில் இடம் கிடைத்தது. அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன், அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அவர்கள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, எதையோ எழுதிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற பெண் வேறு யாராக இருக்க முடியும் என்று அக்கா கேட்டாள். அதனால் டீச்சராகவே இருந்துவிட்டேன்.

அக்கா அந்தத் திட்டில்தான் மீன் காயப்போடுவாள். குப்பத்தில் காயப்போட்டால் நாய் ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம், காக்காய் மேலே. திட்டில் நாய் கிடையாது, நாலு பக்கமும் காற்று, மணல் சுத்தம். கோடையில் அங்கே காயப்போட்ட கருவாட்டை வைத்துத்தான் ஐப்பசி கார்த்திகையில், கடலுக்குப் போக முடியாத நாட்களில், அந்த வீட்டில் அடுப்பு எரியும். அக்கா இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "எங்க வயக்காடு அதுதான் டீச்சரம்மா, நடவு மட்டும் கெடையாது," என்றாள்.

அந்த வயக்காட்டில்தான் எங்களுக்கு முதல் சண்டை வந்தது. நான் போய் இறங்கிய அன்றே, அவள் பாயை விரித்து மீனைப் பரப்புகிற இடத்தில் முட்டைகள் இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

"அக்கா, இங்கே போடாதீங்க. முட்டை இருக்கு. மிதிபடும்."

"ஆலா முட்டையா? அது எங்க பாத்தாலும்தான் கெடக்கும். அதுக்காக மீனை எங்க தலையிலயா காயப்போடுறது?"

"இது ஆராய்ச்சி அக்கா."

"எங்களுக்கு இது சோறும்மா."

இப்படியே பேச்சு வளர்ந்து, இரண்டு பேரும் கையை ஆட்டி, காலை மாற்றி மாற்றி வைத்துக் கத்திக்கொண்டிருந்துவிட்டுக் கீழே பார்த்தால், அவள் காலுக்குக் கீழே ஒரு முட்டை, என் காலுக்குக் கீழே ஒரு முட்டை. இரண்டும் கூழ். அதோடு சண்டை நின்றது. மேலே ஆலாக்கள்தான் கத்திக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே சமாதானம் ஆகிவிட்டது. திட்டின் குறுக்கே ஒரு கோடு போடுவது. வடக்கே ஆலாவுக்கு, தெற்கே அக்காவுக்கு. கோடு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கம்பு நட்டு, துணி கட்டுவது. நான் டவுனுக்குப் போய்த் துணிக்கடை பாயிடம், வெள்ளை மணலில் தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற துணியாகக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிவப்புத் துணியை எடுத்துக் கொடியளவுக்குக் கிழித்துக் கொடுத்தார். பொட்டலம் கட்டும்போது குரலைத் தாழ்த்தி, "கூலி உயர்வுங்களா?" என்று கேட்டார். என்னுடைய உதவித்தொகையைப் பற்றிக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "எங்கே பாய், இருக்கிறதையே ஒழுங்கா தரமாட்டேங்கிறாங்க," என்றேன். அவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டி இன்னும் ரெண்டு துண்டு சேர்த்து வைத்தார்.

அந்த வருஷங்களில் தஞ்சாவூர் ஜில்லாவில் சிவப்புத் துணியைக் கம்பில் கட்டி மண்ணில் நடுவதற்கு என்ன அர்த்தம் என்று பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கும்பகோணத்தில் காப்பியும் வெற்றிலையும் தெரிந்த அளவுக்கு எங்கள் வீட்டில் வயல் தெரியாது. வயலில் சிவப்புக் கொடி பறந்தால் அங்கே கூலித் தகராறு, அல்லது நிலத் தகராறு, அல்லது இரண்டும். கொடி நட்டது விவசாயத் தொழிலாளர் சங்கம். நட்டவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் போலீஸ் வரும், அதற்கு முன்னால் அரிவாள் வரும். ஆண்டுகொண்டிருந்த கட்சிக்குக் கருப்புச் சிவப்பு. அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களுக்கும் கருப்புச் சிவப்பு, ஆனால் வேறு மாதிரி. நன்னிலம் பக்கம் பஸ் போனால் நிறுத்தம் எது என்று தெரியாவிட்டாலும் கொடிக் கம்பங்களைப் பார்த்து எந்த ஊர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஜில்லாவில் நான் ஒரு மணல் திட்டின் குறுக்கே வரிசையாகச் செங்கொடி நட்டுவிட்டு, தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குஞ்சு பொரிக்கக் காத்திருந்தேன்.

கூடை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பொறுப்பில்லாத பறவை என்று சொன்னேனே, அதற்குக் கோபத்தில் மட்டும் குறைச்சல் இல்லை. முட்டை பக்கம் யார் போனாலும் கூட்டமாக எழும்பி, தலையைக் குறிவைத்துப் பாயும். கொத்தும். அதைவிட மோசம், மேலிருந்து எச்சமிடும், அதுவும் குறி தப்பாமல். அக்கா தன் பனையோலைக் கூடைகளில் ஒன்றை என் தலையில் கவிழ்த்துவிட்டாள். கூடைக்குள்ளே கருவாட்டு வாடை, வெளியே ஆலா எச்சம். இதற்கு நடுவில் நானும் என் விஞ்ஞானமும்.

முதலில் வந்தவர் சங்கத்துத் தோழர். ஒல்லியான மனிதர், தோளில் சிவப்புத் துண்டு. சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரையில் விட்டால் மிராசுதாரின் ஆட்கள் காற்றைப் பிடுங்கிவிடுவார்களாம். ஈர மணலில் உருளாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வரிசையாக எல்லாக் கொடிகளையும் பார்த்தார்.

"யாரு தோழர் இதை நட்டது?"

என்னைத்தான் தோழர் என்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நான்தான்," என்றேன்.

"சங்கத்துல தீர்மானம் போடாம எப்படி நட்டீங்க?"

ஆலாவையும் முட்டையையும் பற்றி விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். முகம் வாடிவிட்டது. "பறவைக்குன்னா பச்சையில நட்டிருக்கலாமே தோழர். ஊரெல்லாம் சங்கம் திட்டைப் பிடிச்சிடுச்சின்னு பேச்சாயிருச்சு. நானே அதைக் கேட்டு ரெண்டு நாளா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அப்ப எடுத்துடட்டுமா?"

"எடுத்துடாதீங்க," என்று பதறினார். "நட்ட கொடியை எறக்குனதா இந்தத் தாலுகாவுல பேச்சே கெடையாது. எறக்கினோம்னா, சங்கம் பயந்து எறக்கிடுச்சின்னு சொல்லி மிராசுதார் வெடி வெடிப்பாரு. இருக்கட்டும்." போகும்போது சாய்ந்திருந்த ஒரு கம்பை நிமிர்த்தி நட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்ன மிராசுதார் அடுத்த வாரம் வந்தார். ஆற்றுக்கு மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் நஞ்சை வைத்திருந்த பெரிய மனிதர். வெள்ளை வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், குடை. தண்ணீர் இடுப்பளவுதான், ஆனாலும் படகில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, யாரைக் கேட்டு எங்க நெலத்துல கொடி நட்டே?"

"இது உங்க நிலமா ஐயா?"

"பின்னே? எங்க பாட்டன் பத்திரத்துல கிழக்கெல்லை சமுத்திரம்னு போட்டிருக்கு."

"சமுத்திரம் இந்தத் திட்டுக்கு மேற்கேயும் இருக்கே. இப்பதான் கடந்து வந்தீங்க."

"அது வாய்க்கால்," என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த மனிதர் தன் ஆயுளில் அந்தத் திட்டை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார். கொடி பறக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அது அவருக்கு நிலமாகிவிட்டது. கோபமாகத்தான் வந்தார். ஆனால் நின்று கொடிகளைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. யோசனை ஒன்று உதித்து, அது பழுத்து, கனிந்து வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சர்க்கார் உச்சவரம்பு போட்டிருந்த சமயம் அது. மிச்சத்தை ஒப்படைக்க வேண்டும், அதை ஏழைகளுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பார்கள். எதை ஒப்படைப்பது, எதை ஒளிப்பது என்பதில்தான் ஜில்லாவில் பாதிப் பேருடைய மூளை ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மிராசுதாருக்கு அன்று விடை கிடைத்துவிட்டது. நஞ்சையை வைத்துக்கொள்வது, மணலைக் கொடுத்துவிடுவது.

"சங்கத்துக்காரங்களே ஆசைப்பட்டுக் கொடி நட்ட நெலம்," என்றார் சந்தோஷமாக. "இதைவிட ஒசத்தியான நெலத்தை நான் சர்க்காருக்கு எங்கேருந்து குடுக்கிறது? அம்மா, கொடியெல்லாம் அப்படியே இருக்கட்டும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும்."

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. அன்று படகில் திரும்பிக் கரை வந்ததும் சொன்னாள்: "யாருக்குப் பட்டா குடுத்தாலும் எங்களுக்குக் குடுக்கமாட்டாங்க. நாங்க வயல் வேலைக்காரங்க இல்லையே. எவனாவது மேக்கேருந்து வந்து வேலி கட்டி சவுக்கை நடுவான். அப்புறம் நான் எங்க போயி மீனைப் போடுவேன்?"

அன்றிலிருந்து அந்தக் கொடிகளைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தோழர் எடுக்காதே என்றார், மிராசுதார் எடுக்காதே என்றார். ஜில்லாவில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்னுடைய கொடிதான்.

ஆனி பிறந்தது. எனக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. சித்திரையில் ஒரு பெரிய அலை வந்து முதல் முட்டைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆலாக்கள் மனம் தளராமல் மறுபடி இட்ட முட்டைகள் இன்னும் பொரியாமல் கிடந்தன. பேராசிரியர் அதுவரை எடுத்த குறிப்புகளே போதும், வந்து சேர் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் போகிற அன்றைக்கேதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் திட்டைப் பார்வையிட வருகிறார் என்று அண்ணன் சந்தையிலிருந்து செய்தி கொண்டுவந்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "டீச்சரம்மா, நாளைக்கு அவரு வரும்போது அங்க கொடி இருந்தா அது நெலம். கொடி இல்லேன்னா வெறும் மணல். எடுத்துடுங்க."

"எடுத்தா அத்தனை பேரும் முட்டை மேல நடப்பாங்களேக்கா. கோடு தெரியணுமே."

"அப்ப வேற நெறத்துல கட்டுவோம்."

அப்போதுதான் ஜில்லாவின் நிலைமை எனக்கு முழுசாகப் புரிந்தது. கட்சி இல்லாத நிறம் ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணன் தன் வெள்ளைத் துண்டை எடுத்தார். வெள்ளை கட்டினால் சங்கம் தோற்றுவிட்டது என்று ஆகும், தோழர் விஷம் குடித்துவிடுவார். என்னிடம் பச்சை ரவிக்கைத் துணி இருந்தது. பச்சைக்குப் பிறை போட்ட ஒரு கட்சி இருக்கிறது, துணிக்கடை பாய் நிம்மதியாக இருக்கட்டும் என்று அதை மடித்து வைத்தோம். கருப்பு என்றால் மந்திரி வரும்போது எதிர்ப்புக்குக் காட்டுவது, இன்ஸ்பெக்டர் தனக்குத்தான் காட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்வார். மஞ்சள் புடவை ஒன்றை அக்கா உருவினாள்.

"மஞ்சள் வேணாம்," என்றார் அண்ணன். "மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாங்கன்னு நெனச்சிக்குவாங்க. காப்புக் கட்டினா திருவிழா முடியிறவரைக்கும் யாரும் ஊரை விட்டுப் போகக் கூடாது. டீச்சரம்மாவும் போக முடியாது, இன்ஸ்பெக்டரும் போக முடியாது."

அக்காவின் பார்வை மெல்ல மெல்ல இறங்கி அண்ணனின் இடுப்பில் வந்து நின்றது. அண்ணன் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார்.

"இதுக்கு ஏதாவது கட்சி இருக்கா?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் தீர யோசித்தோம். இல்லை. கட்டம் போட்ட கைலிக்கு அன்றைய தேதி வரைக்கும் யாரும் கட்சி ஆரம்பிக்கவில்லை. அண்ணன் வேறு கைலி மாற்றிக்கொண்டு வருவதற்குள் அக்கா பழைய பெட்டியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்துவிட்டாள். "அது நல்ல கைலி," என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை நான் கடைசியாக அந்தத் திட்டின் கரையோரம் தனியாக நடக்கவேண்டும், ஒவ்வொரு இடமாகப் பார்த்து மனசுக்குள் விடைபெறவேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தேன். எங்கே? விடிந்ததும் நானும் அக்காவும் ஆளுக்கொரு கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிவப்பை அவிழ்த்துவிட்டுக் கைலித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். பாதி முடிவதற்குள் தோழர் சைக்கிளோடு வந்து இறங்கிவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"எறக்கிட்டீங்களா," என்றார்.

அக்கா கையிலிருந்த சிவப்புத் துணியை அவரிடம் நீட்டினாள். ஒரு பருவத்து வெயிலில் அது ரோஸ் நிறமாகி, ஆலா எச்சத்தில் பாதிக்கு மேல் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. "நீங்களே பாருங்க. இது உங்க கொடியா? இதையா இன்ஸ்பெக்டர் முன்னாடி பறக்க விடச் சொல்றீங்க?"

தோழர் அதை விரித்துப் பார்த்தார், மடித்தார், மறுபடி விரித்தார். "இந்த மண்ணைத்தான் நம்ம ஆளுங்களுக்கு நெலம்னு குடுக்கப் பாக்குறாரு," என்று தனக்குத்தானே சொன்னார். அதற்கப்புறம் கொஞ்சம் நிமிர்ந்தார். "நைஞ்சுபோன கொடியை மாத்துறதுக்குச் சங்கத்துல தடை கெடையாது. எறக்குறதுதான் கூடாது. நீங்க மாத்துறீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றாள் அக்கா. அவரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மிச்சக் கம்புகளில் கைலி கட்ட வந்துவிட்டார். அவர் முடிச்சுதான் கெட்டியாக இருந்தது.

இன்ஸ்பெக்டரும் மிராசுதாரும் ஒரே படகில் வந்தார்கள். சங்கிலி பிடித்து அளக்கிற ஆள் ஒருவர் கூட வந்தார். மிராசுதார் கண்ணைத் திறந்ததும் முதலில் கொடி வரிசையைத்தான் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் செங்கொடி இருந்தது சார்," என்றார்.

இன்ஸ்பெக்டர் கட்டம் போட்ட துண்டுகளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கைலி காயப்போட்டிருக்காங்க," என்றார்.

"சார், அது கொடி. சங்கத்துக்காரங்க ஆக்கிரமிச்சிருக்காங்க. இதோ, ஆளே நிக்கிறானே."

"நான் கருவாடு வாங்க வந்தேன்," என்றார் தோழர். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யாக இருக்கும், காது மடல் சிவந்துவிட்டது.

சரி, வந்தது வந்துவிட்டோம், அளந்துவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் வடக்குப் பக்கம் நடந்தார். ஓரமாகப் போங்கள், கைலிக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள் என்று நான் கத்தினேன். அவர் கைலியைத் தாண்டவில்லை. அதன் ஓரமாகத்தான் நடந்தார். ஆனால் ஆலாவுக்கு ஓரம், நடு என்றெல்லாம் கிடையாது. மொத்தக் கூட்டமும் எழும்பியது. சங்கிலிக்காரர் சங்கிலியைப் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடினார். மிராசுதார் குடையை விரித்தார். கடற்காற்று அதை வாங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. ஜரிகை அங்கவஸ்திரத்தில் முதல் எச்சம் விழுந்தது. அடுத்தது நெற்றியில், விபூதிக்கு நேர் கீழே.

அக்கா பாவம் பார்த்துக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இன்ஸ்பெக்டர் மறுபேச்சு இல்லாமல் ஒன்றை வாங்கிக் கவிழ்த்துக்கொண்டார், தோழர் இன்னொன்றை. மிராசுதார் தயங்கினார். அவர் பரம்பரைச் சைவம். வீட்டில் மீன் என்ற சொல்லைக்கூடச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

"இதுல என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"வாளை மீனுங்க," என்றாள் அக்கா.

ஒரு ஆலா அவர் உச்சந்தலையில் கொத்தியது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூடையைக் கவிழ்த்துக்கொண்டார். இப்படியாக அந்தத் திட்டில் சர்க்கார், மிராசு, சங்கம், குப்பம், ஆராய்ச்சி எல்லோரும் ஆளுக்கொரு மீன் கூடைக்குள் நின்றோம். வெளியிலிருந்து பார்த்தால் யார் யார் என்று சொல்ல முடியாது. எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை, கூடைக்குள்ளேயே சிரித்தேன். பக்கத்துக் கூடையும் குலுங்கிக்கொண்டிருந்தது. அது தோழர்.

இன்ஸ்பெக்டர் மட்டும் கடமையை விடவில்லை. கூடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீங்க படிச்சவங்க. உண்மையைச் சொல்லுங்க. இந்த இடம் இப்ப யார் அனுபவத்துல இருக்கு?"

அக்காவின் கூடை என் பக்கம் திரும்பியது. மிராசுதார் கூடைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமினார். நான் என்ன சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள், தூக்கிய கூடையின் அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளே குறி தப்பாமல் ஒன்று வந்து இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "தெரியுது," என்றார்.

அவ்வளவுதான். இது கடல் புறம்போக்கு, யாரும் கொடுக்கவும் முடியாது, யாரும் வாங்கவும் முடியாது என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிவிட்டார். மிராசுதார் அதற்கப்புறம் தன் நஞ்சையை மைத்துனர், மாப்பிள்ளை, கோயில் பசு என்று ஒவ்வொரு பேரிலாக எழுதி வைத்தார் என்று கேள்வி. எவ்வளவு தப்பியது, எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது. அன்று அக்காவின் மணல் தப்பியது, எனக்கு அது போதும்.

எல்லோரும் போன பிறகு பார்த்தேன். கைலி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டைகூட மிதிபடவில்லை. ஆலாக்கள் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல நெஞ்சை மணலில் வைத்து உட்கார்ந்துகொண்டன. அலை வந்து கரையில் படர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரை விட்டுக் கிளம்பியபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"போய்ட்டு வரேன்க்கா," என்றேன்.

அக்கா நிமிராமல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்த முட்டையெல்லாம் பொரிஞ்சு பறக்குற வரைக்கும் கைலியைத் தாண்டி ஒரு மீன் போடமாட்டேன். போதுமா? கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்."

படகு கரை சேரும் வரைக்கும் நான் கூடையை எடுக்கவில்லை. அழுகிற முகத்தை அண்ணன் பார்க்கவேண்டாம் என்றுதான். கரையில் அவரே அதை என் தலையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, "இதோடவே கும்பகோணம் போகாதீங்க டீச்சரம்மா," என்றார். கூடை இல்லாமல் போயும் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த மாசியில் மறுபடி வந்தேன். இந்த முறை முன்யோசனையோடு கும்பகோணத்திலேயே கட்டம் போட்ட கைலிகளாகப் பார்த்து வாங்கிவந்திருந்தேன். கரையில் நின்று பார்த்தால் திட்டைக் காணவில்லை. தண்ணீர்தான் பளபளவென்று இருந்தது. நான் நடந்த கரை, அக்காவின் பாய் விரித்த இடம், கைலி வரிசை, ஒன்றும் இல்லை.

"கார்த்திகை வெள்ளத்துல போயிடுச்சு," என்றார் அண்ணன். "மிராசுதார் குடுத்திருந்தா சர்க்காரு இந்நேரம் தண்ணியிலதான் பட்டா போட்டிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கைலிப் பொட்டலம் கனத்தது. இதற்காகவா அவ்வளவு கூத்தும் என்று இருந்தது. அக்கா எங்கே என்று கேட்கவே பயமாக இருந்தது. அண்ணன் படகில் ஏறச் சொல்லி, தெற்கே தள்ளிக்கொண்டு போனார். வளைவு திரும்பியதும் பார்த்தேன். கடல் அந்த மணலையெல்லாம் எடுத்துக்கொண்டுபோய் இங்கே போட்டிருந்தது. புதுத் திட்டு, இன்னும் முழுசாகக் காயக்கூட இல்லை, நடந்தால் கணுக்கால் புதைந்தது. நடுவில் அக்கா பாயை விரித்து மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வடக்கே, திட்டின் குறுக்கே, வரிசையாகக் கம்புகள். ஒவ்வொன்றிலும் கட்டம் போட்ட கைலித் துண்டு.

வரிசைக்கு அந்தப் பக்கம் மணல் வெறுமையாகக் கிடந்தது. திட்டில் பாதி. நல்ல பாதி.

"அக்கா, ஆலா ஒண்ணுகூட இன்னும் வரலையே," என்றேன்.

"வரும். வந்தா எங்க உக்காரும்? டவுன் பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கிறதில்லையா, அது மாதிரிதான்." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எளச்சுட்டீங்க. உங்க கூடை படகுலதான் இருக்கு, எடுத்துக்குங்க."

கூடை அங்கேதான் இருந்தது, உள்ளே புது நாரில் விளிம்பு கட்டி. தலைக்கு மேலே ஒரு பறவை கூட இல்லை. நான் அதை எடுத்துத் தலையில் நன்றாக இழுத்துக் கவிழ்த்துக்கொண்டேன்.